பெல்ட் அறுந்த ஸ்போர்ட்ஸ் கார்: ஓட்டுவதா, இழுப்பதா, யாரிடம் கொடுப்பது?

சிங்கப்பூரில் கார் மக்கர் செய்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, “வீடு பக்கத்தில்தானே, மெதுவா ஓட்டிப் போயிடலாம்” என்பதுதான். தீவின் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்கே 50 கிலோமீட்டர் அளவுதான். பிஐஇ விரைவுச்சாலையில் எங்கே நின்றாலும் சில நிமிடங்களில் ஓர் எக்ஸிட் வந்துவிடும். ஸ்போர்ட்ஸ் காரில் டிரைவ் பெல்ட் அறுந்தபோது இந்த அருகாமையை நம்பிப் போனவர்கள்தான் இன்ஜினையும் சேர்த்துத் தொலைக்கிறார்கள். பெல்ட்டின் விலை பல கார்களுக்கு நூறு வெள்ளிக்குள் அடங்கிவிடும். இன்ஜினுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை.

பெல்ட் அறுந்த நிமிடத்திலிருந்து பில் கட்டும் வரை நான்கைந்து இடங்களில் “இதுவா, அதுவா” என்று நிற்க வேண்டி வரும். ஒவ்வொன்றிலும் என் பக்கம் எது என்று சொல்லிவிடுகிறேன். என் வாதம் ஒன்றுதான்: புதுப் பெல்ட்டை யார் வேண்டுமானாலும் மாட்டுவார்கள். பழையது ஏன் அறுந்தது என்று தேடுகிற ஆளிடம் கார் போய்ச் சேர வேண்டும்.

முதலில் எந்தப் பெல்ட் என்று தெளிவாக்கிக்கொள்வோம். இன்ஜினுக்கு வெளியே, கிராங்க் புல்லியிலிருந்து (இன்ஜினின் சுழற்சியை வெளியே தரும் சக்கரம்) பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், சில கார்களில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங் பம்ப் ஆகியவற்றைச் சுழற்றும் நீளமான, உட்புறம் வரிவரியாக இருக்கும் பெல்ட்தான் டிரைவ் பெல்ட். இன்ஜினுக்குள் வால்வுகளின் நேரத்தைக் கட்டுப்படுத்தும் டைமிங் பெல்ட் வேறு. அதை மூடிக்குள் வைத்திருப்பார்கள். ஓட்டும்போது டைமிங் பெல்ட் அறுந்தால் இன்ஜின் அப்படியே அணைந்துவிடும், யோசிக்க எதுவும் மிச்சமிருக்காது. டிரைவ் பெல்ட் அறுந்தால் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

அறுந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு ‘டப்’ சத்தம், சில சமயம் பானெட்டுக்கு அடியில் யாரோ சாட்டையால் அடிப்பதுபோலப் படபடப்பு, கருகின ரப்பர் வாடை. உடனே டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள காராக இருந்தால் கை திடீரென்று கனக்கும். ஏசி காற்று வரும், குளிர் இருக்காது. இவை எல்லாம் சில வினாடிகளுக்குள் நடக்கும். வெப்பமானியின் முள் மட்டும் தாமதமாகத்தான் ஏறும். அது நடுவில் நிற்பதைப் பார்த்து “ஒன்றும் ஆகவில்லை” என்று நினைத்தால் கதை முடிந்தது.

ஓட்டுவதா, நிறுத்துவதா

இதற்குப் பொதுவான பதில் கிடையாது. உங்கள் காரில் வாட்டர் பம்ப்பை எது சுழற்றுகிறது என்பதுதான் பதில். இதை இன்றைக்கே, கார் நன்றாக இருக்கும்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் லாரிகள் உரசிக்கொண்டு போகும்போது கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஹோண்டா எஸ்2000-இல் ஒரே பெல்ட்தான். ஆல்டர்னேட்டர், ஏசி, வாட்டர் பம்ப் மூன்றும் அதில் தொங்குகின்றன. ஸ்டீயரிங் மின்சாரத்தில் இயங்குவதால் கையில் உடனே வித்தியாசம் தெரியாது. பேட்டரி விளக்கைக் கவனிக்காமல் விட்டால் வேறு அறிகுறி கிடைப்பதற்குள் கூலன்ட் கொதிக்க ஆரம்பித்துவிடும். இந்தக் காரில் விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி அணைப்பது ஒன்றே வழி. போர்ஷே பாக்ஸ்டர், கேமன் கார்களின் 986, 987 தலைமுறைகளும் அப்படியே. வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. நிறுத்துங்கள்.

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது முதல் இரண்டு தலைமுறைகளில், இரண்டு பெல்ட்கள் உண்டு. ஒன்று ஆல்டர்னேட்டருக்கும் வாட்டர் பம்ப்புக்கும். மற்றொன்று பவர் ஸ்டீயரிங்குக்கும் ஏசிக்கும். இரண்டாவது அறுந்து, அதன் துண்டுகள் எங்கும் சிக்காமல் கீழே விழுந்திருந்தால், கூரையைத் திறந்துவிட்டு வியர்த்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். ஸ்டீயரிங் கனமாக இருக்கும், அவ்வளவுதான். முதல் பெல்ட் அறுந்தால் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம்.

இஜே வகை இன்ஜின் உள்ள சுபாரு டபிள்யூஆர்எக்ஸில் வாட்டர் பம்ப்பை டைமிங் பெல்ட் சுழற்றுகிறது. வெளிப் பெல்ட் போனாலும் குளிரூட்டல் நிற்காது. ஆல்டர்னேட்டரும் பவர் ஸ்டீயரிங்கும்தான் போகும். அப்போது பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கு மட்டுமே மிச்சம். நல்ல நிலையில் உள்ள பேட்டரி இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். ஆல்டர்னேட்டர் வேலை செய்தால் அது 14 வோல்ட்டை ஒட்டி நிற்கும். அறுந்த பிறகு எரிபொருள் பம்ப், இக்னிஷன், ரேடியேட்டர் விசிறி எல்லாம் பேட்டரியைத்தான் உறிஞ்சும். பட்டப்பகலில், ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு விரைவுச்சாலையை விட்டு இறங்கி, பக்கத்துக் கார் பார்க் வரை போய்விடலாம். டிசம்பர் மாத அடைமழையில், இரவில், முன்விளக்கும் வைப்பரும் ஓடும்போது அதையும் நம்பாதீர்கள். முக்கியமாக, கேபிஇ அல்லது எம்சிஇ விரைவுச்சாலையின் சுரங்கத்துக்குள் நுழையும் வழியாக இருந்தால் நுழைவதற்கு முன்பே நின்றுவிடுங்கள். சுரங்கத்துக்குள் கார் உயிரை விட்டால் உங்களுக்கும் ஆபத்து, பின்னால் வருபவர்களுக்கும் ஆபத்து.

இப்போது ஒரு விசித்திரமான பிராணி: பிஎம்டபிள்யூவின் என்54, என்55 இன்ஜின்கள். 335ஐ, 1எம், முதல் எம்2 போன்ற கார்களில் இருப்பவை. இவற்றில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. பெல்ட் அறுந்தாலும் இன்ஜின் உடனே சூடாகாது. “அப்போ ஓட்டலாமே” என்று தோன்றும். ஓட்டக் கூடாது. இந்த இன்ஜின்களில் அறுந்த பெல்ட்டின் நார்கள் கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, முன்பக்க ஆயில் சீலைத் துளைத்து இன்ஜினுக்குள்ளேயே போய்விடுவது உலகமெங்கும் தெரிந்த கோளாறு. உள்ளே போன நார்கள் ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையை அடைத்தால், ஆயில் அழுத்தம் விழுந்து பேரிங்குகள் தேய்ந்துபோகும். கிராங்க் சுற்றும் ஒவ்வொரு விநாடியும் நாரை உள்ளே இழுக்கிறது. ஆகவே வெப்பம் ஏறாவிட்டாலும் உடனே அணைக்க வேண்டிய கார் இது.

உங்கள் கார் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை, எது எதைச் சுழற்றுகிறது என்றும் தெரியாது என்றால், வாட்டர் பம்ப் போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு நிறுத்துங்கள். தவறாக நிறுத்தினால் டோ, அதாவது காரை இழுத்துச் செல்லும் செலவோடு போகும். தவறாக ஓட்டினால் ஹெட் கேஸ்கெட், அதற்கும் மேல் சிலிண்டர் ஹெட். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சூடான இன்ஜினின் கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் நூறு டிகிரிக்கு மேல் இருக்கும் திரவம் முகத்தில்தான் பீறிடும்.

பழைய ஆட்கள் பெண்களின் நைலான் காலுறையைப் பெல்ட்டாகக் கட்டி ஓட்டிய கதை சொல்வார்கள். ஒற்றை ‘வி’ பெல்ட் இருந்த காலத்தில், தளர்வான இரண்டு புல்லிகளுக்கு நடுவே அது கொஞ்ச தூரம் வேலை செய்திருக்கலாம். ஆறேழு புல்லிகளை வளைந்து வளைந்து சுற்றும் இன்றைய பெல்ட்டுக்கு அது வெறும் கதை.

இழுத்துச் செல்வதில் மூன்று வழி

விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் எமாஸ் மீட்பு வண்டி வந்து, அருகிலுள்ள குறிப்பிட்ட கார் பார்க் ஒன்றுக்கு இலவசமாக இழுத்துச் சென்று விடும். பலர் இதை ஒர்க்‌ஷாப் வரை கொண்டு விடும் சேவை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. சாலையைக் காலி செய்வதுதான் அவர்கள் வேலை. அங்கிருந்து மேலே உங்கள் பாடு. இதை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று யோசிக்கவே வேண்டாம். விரைவுச்சாலையின் ஓரத்தில் தனியார் டோ வண்டிக்காக மணிக்கணக்கில் காத்திருப்பதைவிட, கார் பார்க்கில் நிம்மதியாக நின்று நாலு பேருக்குப் போன் போடுவது எவ்வளவோ மேல். ஒன்று மட்டும் சொல்லுங்கள், வண்டி தாழ்வானது, எந்தச் சக்கரம் இழுக்கிறது என்று. நான்கு சக்கரமும் இழுக்கும் காரை இரண்டு சக்கரம் தரையில் உருளும்படி இழுத்தால் பெல்ட் பிரச்சினை கியர் பாக்ஸ் பிரச்சினையாகிவிடும்.

இரண்டாவது வழி காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண் அல்லது 1907 முதல் இங்கே இருக்கும் ஏஏ சிங்கப்பூர் போன்ற சங்கத்தின் உறுப்பினர் சேவை. டோவுக்கு இவை நன்றாகவே உதவும். ஆனால் காப்புறுதி டோவுக்குத் தருமே தவிர, பழுதுக்குத் தராது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் வழக்கமான கார் காப்புறுதியில் சேராது. இன்னொரு விஷயம், காப்புறுதி டோ சில சமயம் அவர்கள் பட்டியலில் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகும். விபத்துக்குத் தகரம் தட்டிச் சாயம் அடிப்பதில் கெட்டிக்காரர்களான அந்த இடங்கள் உங்கள் பாக்ஸ்டருக்குச் சரியான இடம் என்று சொல்ல முடியாது. “நான் சொல்லும் இடத்துக்கு விடுவீர்களா” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, தனியார் டோ. காசு கூடுதல், ஆனால் பிளாட்பெட், அதாவது காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் வண்டி வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். தாழ்வான காரை ஏற்ற நீளமான சாய்தளம் வேண்டும், இல்லையென்றால் முன் பம்பரின் உதடு போய்விடும். காரை இழுக்கும் கொக்கி பெரும்பாலும் பம்பரில் இருக்காது, கருவிப் பையில் தனியாகக் கிடக்கும். பம்பரில் உள்ள சிறு மூடியைத் திறந்து திருகி மாட்ட வேண்டும். பழைய கார் வாங்கியவர்கள் அந்தக் கொக்கி பையில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. கார் பல மாடிக் கார் பார்க்கிலோ காண்டோவின் நிலவறையிலோ நின்றுபோயிருந்தால் பிளாட்பெட் உள்ளே வரவே முடியாது. உயரம் இடிக்கும். சக்கரத்துக்கு அடியில் உருளைப் பலகை வைத்து வெளியே தள்ளிக்கொண்டு வருவார்கள், அதற்குத் தனிக் காசு. மேலும், பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் மின்சார ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க முடியாது, ஆட்டோ கியரை நியூட்ரலுக்கு மாற்றவும் முடியாது. அதனால்தான் சொல்கிறேன், பேட்டரி சாகும் வரை ஓட்டாமல் கொஞ்சம் உயிர் இருக்கும்போதே அணைத்துவிடுங்கள்.

நடமாடும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு நின்ற இடத்திலேயே மாற்றுவது? காரைப் பொறுத்தது. 996 வகை 911-இல் பின் மூடியைத் திறந்தால் பெல்ட் கண்ணெதிரே இருக்கும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை 24 மில்லிமீட்டர் ஸ்பானரால் திருப்பிப் பிடித்து மாட்டிவிடலாம். அதே காலத்து பாக்ஸ்டரில் இன்ஜின் நடுவில் இருப்பதால், இருக்கைகளை முன்னே தள்ளி, பின்னால் உள்ள கம்பளத்தை உரித்து, மூடித் தகட்டைக் கழற்றினால்தான் பெல்ட் தெரியும். கார் பார்க்கின் அரையிருட்டில் செய்யும் வேலையில்லை. அப்படியே எளிதாக எட்டினாலும் நான் நடமாடும் மெக்கானிக்கைத் தேர்வதில்லை. அவரிடம் புதுப் பெல்ட் இருக்கும், பழையது அறுந்த காரணத்தைத் தேட நேரம் இருக்காது.

யாரிடம் கொடுப்பது

லெங் கீ சாலைப் பக்கம் உள்ள, கார் நிறுவனங்களின் அதிகாரபூர்வ ஏஜென்ட்டுகளா, சின் மிங், காக்கி புக்கிட், உபி பக்கம் உள்ள சிறப்பு ஒர்க்‌ஷாப்பா, வழக்கமாக ஆயில் மாற்றும் பேட்டை மெக்கானிக்கா? இங்கேதான் பலர் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

உத்தரவாதக் காலத்தில் இருக்கும் கார் என்றால் ஏஜென்ட்டிடமே போங்கள். பெல்ட் தேய்மானப் பொருள் என்று கையை விரிக்கலாம். ஆனால் டென்ஷனரோ ஆல்டர்னேட்டர் புல்லியோ சிக்கிக்கொண்டதால் பெல்ட் அறுந்தது என்று அவர்களே கண்டுபிடித்தால் அது உத்தரவாதத்தில் வரும். அதை வெளியாள் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தால் வாதம் நீளும். வெளியே சர்வீஸ் செய்தால் உத்தரவாதமே போய்விடும் என்ற பயம் மட்டும் வேண்டாம். போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டபின் 2017-இல் முக்கிய கார் விற்பனையாளர்கள் அந்த நிபந்தனையைக் கைவிட்டார்கள். வெளி ஒர்க்‌ஷாப்பின் வேலையால் வந்த சேதத்துக்கு அவர்கள் பொறுப்பல்ல, அது நியாயம்தான்.

உத்தரவாதம் முடிந்த காருக்கு என் ஓட்டு அந்தப் பிராண்டையே தினமும் பார்க்கும் சிறப்பு ஒர்க்‌ஷாப்புக்கு. ஏஜென்ட்டிடம் திறமை இல்லை என்பதல்ல. அங்கே நீங்கள் பேசுவது மெக்கானிக்கிடம் அல்ல, வரவேற்பில் இருப்பவரிடம். சிறப்பு ஒர்க்‌ஷாப்பில் கையில் கிரீஸோடு நிற்கும் அங்கிளிடமே நேராகப் பேசலாம். அவர் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நல்லவராக இருந்தால் புதுப் பெல்ட்டுக்குப் போன் போட மாட்டார். அறுந்த பெல்ட்டின் துண்டுகளைப் பொறுக்கித் தரையில் நீளமாக வரிசைப்படுத்துவார். வரிகளை எண்ணுவார். ஆறு வரிப் பெல்ட்டில் ஒரு வரி ஓர் அடி நீளத்துக்குக் காணவில்லை என்றால், “அந்த ஓர் அடி எங்கே போனது?” என்பதுதான் அவருடைய அடுத்த வேலை. கிராங்க் புல்லிக்குப் பின்னால் டார்ச் அடிப்பார். டைமிங் மூடியின் ஓரத்தை விரலால் தடவுவார். அப்புறம் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்பார். நன்றாக உள்ள பேரிங் சத்தமில்லாமல் சுற்றி நிற்கும். காய்ந்த பேரிங் சரசரவென்று இரையும். சிக்கிய பேரிங் நகரவே நகராது, புல்லியின் மேல் ரப்பர் தேய்ந்த கறை தெரியும்.

பெல்ட் அறுவதற்கு வயது ஒரு காரணம்தான். ஆயில் கசிவு இன்னொன்று. நான் மேலே சொன்ன என்54 இன்ஜினில் ஆயில் ஃபில்டர் கூட்டின் கேஸ்கெட் கசிந்து, ஆயில் நேராகப் பெல்ட்டின் மேல் சொட்டுகிறது. ரப்பர் ஊறி, வழுக்கி, புல்லியை விட்டு நழுவுகிறது. கேஸ்கெட்டை மாற்றாமல் பெல்ட்டை மட்டும் மாற்றினால் புதுப் பெல்ட்டுக்கும் அதே கதி. அந்த இன்ஜினில் நார் உள்ளே போயிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் கிராங்க் சீலை எடுத்துப் பார்க்க வேண்டும், ஆயில் தட்டை இறக்கி வலையைப் பார்க்க வேண்டும். ஒருவர் “பெல்ட் மாற்றம், ஒரு மணி நேர வேலை” என்று விலை சொல்கிறார், இன்னொருவர் “கேஸ்கெட், சீல், தட்டு இறக்கிச் சோதனை” என்று பல மடங்கு சொல்கிறார் என்றால், இரண்டாமவர் கொள்ளையடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர்தான் காரைப் பார்த்திருக்கிறார்.

விலைகளை ஒப்பிடும்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்ததா, சேராததா என்று கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவில்லாத சின்ன இடங்கள் அதை வசூலிக்க மாட்டார்கள், வித்தியாசம் அதனாலேயே பெரிதாகத் தெரியும். கழற்றிய பழைய பெல்ட்டையும் டென்ஷனரையும் ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்குகிற இடத்தில் கொடுக்காதீர்கள்.

ஜோகூர் பாரு? கேட்காத ஆளில்லை. கூலி மலிவு, உண்மைதான். திட்டமிட்டு, பெல்ட் நன்றாக இருக்கும்போதே மாற்றப் போவதென்றால் எனக்கு ஆட்சேபமில்லை. அறுந்த பிறகோ, ‘கீச்’ சத்தம் ஆரம்பித்த பிறகோ அங்கே போகலாம் என்பது எனக்குப் பிடிக்காத யோசனை. உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் வார இறுதி நெரிசலில், கொளுத்தும் வெயிலில், ஏசியோடு ஊர்ந்து போவதைவிடக் கடினமான சோதனையை நோய்வாய்ப்பட்ட பெல்ட்டுக்கு யாரும் வைக்க முடியாது. நடுப் பாலத்தில் நின்றால் இரண்டு நாட்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். சிங்கப்பூரை விட்டு வெளியேறும் கார்களுக்கான முக்கால் டேங்க் பெட்ரோல் விதி, வெளிநாட்டுக் கார்களுக்கு 2025 ஜூலை முதல் கண்டிப்பாக்கப்பட்ட மலேசிய விஇபி நுழைவு அனுமதி எல்லாம் இருக்கவே இருக்கின்றன. வேலையில் குறை இருந்தால் திரும்பவும் அதே வரிசை.

எவ்வளவு மாற்றுவது

என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணே, பெல்ட் மட்டும் மாத்தினா போதாதா? டென்ஷனர், ஐட்லர் எல்லாம் சேத்துச் சொல்றாரே, ஏமாத்துறாரா?” ஏமாற்றவில்லை. ஐட்லர் என்பது பெல்ட்டின் பாதையைத் திருப்பிவிடும் துணைப் புல்லி. டென்ஷனருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் அதிர்வைத் தாங்கும் பகுதியும் பெல்ட்டோடு சேர்ந்தே வயதாகின்றன. தளர்ந்த டென்ஷனரில் புதுப் பெல்ட் துள்ளும், வழுக்கும், ஓரம் பிய்யும். கூலியில் பெரும்பகுதி அங்கே எட்டுவதற்குத்தான் போகிறது. லோட்டஸ் எலிஸ், பாக்ஸ்டர் போல எட்டுவதற்கே பாடுபட வேண்டிய கார்களில் ஒரே தடவையில் பெல்ட், டென்ஷனர், ஐட்லர் மூன்றையும் முடித்துவிடுவதே சரி. பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டும் கார்களில், டென்ஷனர் நன்றாக இருந்தால், பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கண்காணிக்கலாம். வாட்டர் பம்ப்பையும் சேர்ப்பதா என்பதற்கு ஒரே சோதனை: அதன் அச்சில் ஆட்டம் இருக்கிறதா, கீழே கூலன்ட் காய்ந்த வெள்ளைத் தடம் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பெல்ட்டில் எந்த பிராண்ட் என்று அதிகம் குழப்பிக்கொள்ள வேண்டாம். கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவதும் பெரும்பாலும் கான்டினென்டல், கேட்ஸ், டேகோ, பாண்டோ, மிட்சுபோஷி போன்றவர்கள் செய்ததுதான். பெட்டிக்குத்தான் கூடுதல் விலை. போலி மட்டும் வேண்டாம். பெல்ட்டின் முதுகில் உள்ள எண்ணைப் பழையதோடு ஒப்பிடுங்கள். ‘6பிகே1750’ என்றால் ஆறு வரி, 1750 மில்லிமீட்டர் நீளம். ஏழு வரிப் புல்லியில் ஆறு வரிப் பெல்ட் உட்கார்ந்துவிடும், ஓடவும் செய்யும், வெகுநாள் ஓடாது. சரியான பெல்ட்டையே ஒரு வரி தள்ளி மாட்டினாலும் அதே கதிதான். காரை எடுப்பதற்கு முன் டார்ச் அடித்து, ஒவ்வொரு புல்லியிலும் பெல்ட்டின் இரண்டு ஓரமும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

பழைய நியோப்ரீன் பெல்ட்கள் வெடிப்பு விட்டு முன்னறிவிப்புத் தரும். இன்றைய இபிடிஎம் ரப்பர் பெல்ட்கள் வெடிப்பதில்லை, வரிகளுக்கு நடுவே தேய்ந்து ஆழமாகின்றன. பார்வைக்குப் புதிதுபோல இருக்கும், பிடிமானம் போயிருக்கும். வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கும் காருக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. மொட்டை மாடிக் கார் பார்க்கில் வெயிலில் காய்ந்த ஆண்டுகளைத்தான் எண்ண வேண்டும்.

அண்மையில் டீலரிடம் வாங்கிய பழைய கார் என்றால் குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் நினைவுக்கு வரும். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த அந்தச் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். ஆனால் வயதுக்கேற்ற தேய்மானம் குறையாகாது. ஒன்பது வயதுக் காரின் பெல்ட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவதில் பயனில்லை. தனியாரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் அதுவும் கிடையாது.

டைமிங் பெல்ட் என்றால் கணக்கே வேறு

அறுந்தது டைமிங் பெல்ட் என்றால், முதல் கேள்வி உங்கள் இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் மோதுமா என்பது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் மோதாது. புது பெல்ட், புது வாட்டர் பம்ப், கார் மறுபடியும் ஓடும். மிட்சுபிஷி எவோவின் 4ஜி63, டபிள்யூஆர்எக்ஸின் இஜே20 இரண்டிலும் மோதும். 4ஜி63-இல் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு இன்னொரு சின்ன பெல்ட் உண்டு, அது அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கி இரண்டையும் கொண்டுபோவது அந்த இன்ஜினைத் தெரிந்தவர்களுக்குப் பழக்கமான துயரம். ஃபெராரி 355 வைத்திருப்பவருக்குப் பெல்ட் மாற்றவே இன்ஜினை வெளியே இறக்க வேண்டும், அவருக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

வால்வுகள் வளைந்துவிட்டால் மூன்று வழி: ஹெட்டைப் பிரித்துச் சரிசெய்வது, பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாற்றுவது, காரையே விட்டுவிடுவது. வேறு ஊர்களில் இன்ஜின் போன பழைய கார் இரும்பு விலைக்குத்தான் போகும். சிங்கப்பூரில் அப்படியில்லை. கார் வைத்திருக்கக் காசு கொடுத்து வாங்கும் பத்தாண்டு உரிமைச் சான்றிதழான சிஓஇ-யில் மீதமுள்ள மாதங்களுக்குக் காசு திரும்ப வரும். கார் பத்து வயதைத் தாண்டாமல் இருந்தால் பிஏஆர்எஃப் கழிவும், அதாவது பதிவை ரத்து செய்யும்போது அரசு திருப்பித் தரும் தொகையும் உண்டு. இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் ‘காகித மதிப்பு’ அதேதான்.

ஆகவே பழுதுச் செலவைக் காரின் முழு விலையோடு ஒப்பிடாதீர்கள். ஓடும் நிலையில் விற்றால் கிடைப்பதற்கும் காகித மதிப்புக்கும் உள்ள இடைவெளியோடு ஒப்பிடுங்கள். ஒரு பேச்சுக்கு, காகித மதிப்பு 40,000 வெள்ளி, ஓடும் காராக விற்றால் 58,000 என்று வையுங்கள். இடைவெளி 18,000. ஹெட் வேலை 9,000 என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். 20,000 என்றால், காரின் மேல் காதல் இருந்தாலொழிய வேண்டாம். புதுப்பித்த சிஓஇ-யில் ஓடும் காருக்கு பிஏஆர்எஃப் கிடையாது, காகித மதிப்பு சிறிது. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்ததை மறுபடி புதுப்பிக்கவும் முடியாது. அதில் ஒன்றரை ஆண்டுதான் மிச்சம் என்றால், பெரிய பழுதுச் செலவை மாதக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். பெரும்பாலும் தொகையைப் பார்த்ததும் முடிவு தானாக வந்துவிடும்.

பழைய இன்ஜின் மாற்றும் வழியில் போனால், அது அதே வகை இன்ஜினாக இருக்க வேண்டும், எண் மாறுவதால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவிலும் மாற்றியாக வேண்டும். அந்தக் காகித வேலையை ஒர்க்‌ஷாப் செய்யுமா, நீங்கள் செய்ய வேண்டுமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு, ஜப்பானிலிருந்து பெட்டியில் வந்திறங்கும் அந்த இன்ஜினில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் டைமிங் பெல்ட்டோடு காரை ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். அதன் வயது அங்கே யாருக்கும் தெரியாது. இன்ஜின் வெளியே, தாங்கியின் மேல் நிற்கும்போது புதுப் பெல்ட் மாற்றக் கூலி மிகக் குறைவு.